யாரும் விலை கேட்காத சேலை

சேலைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வாடிக்கையாளர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது அவர் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். விலைச்சீட்டைத் திருப்பிக்கொண்டிருக்கும். வாய் உங்களிடம் ஊர்க்கதை பேசும், விரல் சீட்டைத் தேடும். நாமக்கல் கடைவீதியில் என் ஆயுளில் பாதியைச் சேலை விரித்தே கழித்தவள் நான். விலையைப் பார்க்காமல் சேலையை மட்டும் பார்த்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் ஒருவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்.

மடிப்பது, அடுக்குவது, பார்கோடு ஒட்டுவது எல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லித் தருவார். சொல்லித் தராவிட்டாலும் திட்டியாவது புரியவைப்பார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். துணி வாங்க வருகிறவர்களுக்கு விலை வேறு, தரம் வேறு என்று நன்றாகவே தெரியும். கடைப்படி ஏறும்வரை தெரியும். ஏறியதும் அந்த அறிவைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிடுவார்கள்.

இது எனக்கு ஒரு தவறு செய்துதான் விளங்கியது. ஓர் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் அலமாரிகளைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தோம். அவசரத்தில், விரிப்பின்மேல் குவித்து விற்கும் சாதாரணப் பட்டு ஒன்றைச் சிவப்புத்துணி போட்ட பெட்டிக்குள் வைத்து மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். அந்தப் பெட்டிகள் விலை கூடிய பட்டுக்கு மட்டும் உரியவை. மறுநாள் நாமகிரிப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். பெட்டியைத் திறந்ததும் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இதுதானுங்க பட்டு, மத்ததெல்லாம் சும்மா" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார்.

அப்போதுதான் என் தவறு எனக்கே உறைத்தது. நல்ல பிள்ளையாக உண்மை விலையைச் சொன்னேன். மடியில் இருந்த சேலை தரைக்கு வந்தது. "கொஞ்சம் மொரமொரன்னு இருக்குதல்லங்க? வேற நல்லதாக் காட்டுங்க" என்றார். ஒரு நிமிடத்துக்கு முன் கன்னத்தில் வைத்துக் கொஞ்சிய அதே பட்டுதான். அன்றைக்குச் சூப்பர்வைசரிடம் நான் வாங்கிய திட்டை இங்கே சொல்ல முடியாது. ஆனால் பெட்டிக்கு இப்படி ஒரு சக்தி இருக்கிறது என்பதை மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

அந்தச் சக்தியை நான் தெரிந்தே பயன்படுத்தியது ஒரே ஒரு தடவை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

ஒரு வைகாசி முகூர்த்தச் சமயம். கல்யாண ஜவுளி எடுக்க இரண்டு வீட்டாரும் ஒன்றாக வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு பரமத்தி வேலூர். வெற்றிலையும் வாழையும் பயிரிடுகிற குடும்பம். பெண் வீடு திருச்செங்கோடு. பெண்ணின் அப்பாவுக்கு ரிக் லாரித் தொழில். அவர் எங்கோ ஆந்திராவில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்ததால், பெண்ணின் அம்மா ஒவ்வொரு சேலையாகப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் எல்லாச் சேலைக்கும் கட்டைவிரலையே திருப்பி அனுப்பினார்.

வேனில் வந்து இறங்கிய கூட்டத்துக்கு ஒரு பந்தி போடலாம். ஆனால் நீங்கள் நினைவில் வைக்கவேண்டியவர்கள் நான்கு பெண்கள்தான். மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் அம்மா, கல்யாணப்பெண், அப்புறம் மாப்பிள்ளையின் அண்ணி. அதாவது அந்த வீட்டின் பெரிய மருமகள். மாப்பிள்ளையின் அப்பா வழக்கப்படி கீழே பில் போடும் இடத்தில் நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

பெரிய மருமகள் அந்த வெயிலில் தன்னுடைய கல்யாணக் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அகலமான சரிகைக் கரை, உடம்பெல்லாம் சரிகைப் பூப் புட்டா. ஜவுளிக்கடைக்கு யாராவது கூறைச்சேலை கட்டி வருவார்களா? அளவுகோலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனார். "ஏனுங்க அம்மிணி, பெரியவளுக்கு என்ன வெலைக்கு எடுத்தமோ அதே வெலைக்குத்தான் இவளுக்கும் வேணுமுங்க. கூடுச்சுன்னா பெரியவ மூஞ்சியத் தூக்கிக்குவா. கொறஞ்சுதுன்னா சம்மந்தி ஊட்டுல கேவலமாப் பேசுவாங்க. நாளைக்கு ரெண்டும் ஒரே ஊட்டுல சோறாக்கோணும். பாத்துச் செய்யுங்க சாமி" என்று சொல்லிவிட்டு விலையைக் காதில் சொன்னார். அந்த விலையை உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் அதை வைத்துத்தான் மீதிக் கதையைக் கேட்பீர்கள்.

அவர் போனதும் பெண்ணின் அம்மா தண்ணீர் குடிக்கும் சாக்கில் வந்தார். "அந்தப் புள்ள கட்டியிருக்கற சீலையப் பாத்தீங்கல்ல? தரத்துல அதுக்கு ஒரு நூலு கொறஞ்சாலும் எம்பொண்ணுக்கு வேண்டாமுங்க. வெலையப் பத்தி எங்களுக்கென்ன, நாங்களா குடுக்கறோம்?"

பிள்ளைகளே, இதில் உள்ள சிக்கல் புரிகிறதா? பெரியவளுக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. அதற்குள் சரிகை விலை எங்கேயோ போய்விட்டது. அன்றைக்கு அந்தப் பணத்துக்கு வந்த தரம் இன்றைக்கு வராது. அதே தரம் வேண்டுமென்றால் விலை ஏறும். ஒரு அம்மாவுக்கு ஒரே விலை வேண்டும், இன்னொரு அம்மாவுக்கு ஒரே தரம் வேண்டும். இரண்டும் சேர்ந்த சேலையை எந்தத் தறியிலும் நெய்ய முடியாது.

காலையில் ஆரம்பித்தது, சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடியவில்லை. சொன்ன விலையில் எடுத்துக் காட்டினால் பெண்ணின் அம்மா கரையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, செத்த எலியைப் போடுவதுபோல் போடுவார். கொஞ்சம் கூடிய விலையில் காட்டினால் பெரிய மருமகள் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்வாள். உடனே மாமியார், "கலரு எடுப்பா இல்லீங்க" என்பார். கடையில் இருக்கிற எல்லா நிறமும் அன்றைக்கு எடுப்பில்லாமல் போயின.

இதற்கு நடுவில் கல்யாணப்பெண். கோயமுத்தூரில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். ஒவ்வொரு சேலைக்கும் மாமியார், "ஏஞ்சாமி, புடிச்சிருக்குதா?" என்று கேட்பார். "நீங்க பாத்து எடுத்தாச் சரிங்க அத்தை" என்று பதில் வரும். எல்லாப் பெண்களும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வார்கள், அதனால் அந்தப் பதிலை நான் காதில் வாங்குவதே இல்லை. கையைத்தான் பார்ப்பேன். அவளுடைய இடது கை, பக்கத்தில் வேறு யாருக்கோ விரித்துக் காட்டி மடிக்காமல் கிடந்த ஒரு சேலையின்மேல் இருந்தது. மாந்தளிர் நிறம். ஒரு விரல் அகலத்துக்குத்தான் கரை. சாதாரணக் குவியலைச் சேர்ந்தது. பேச்சு எங்கே போனாலும் அந்தக் கை அங்கிருந்து நகரவில்லை.

நானும் அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்தேன். அருமையான நெசவு. கல்யாணப் பட்டில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு சரிகைக்குத்தான் போகிறது. இதில் சரிகை கொஞ்சம், அதனால் விலை பெரியவள் சேலையில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் பட்டு நூலில் எந்தக் குறையும் இல்லை. கட்டினால் சொன்ன பேச்சுக் கேட்கும், இடுப்பில் நிற்கும். அந்தப் பெண்ணுக்குத் துணி பார்க்கத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அவள்மேல் பாசமே வந்துவிட்டது.

பாசம் வந்து என்ன செய்ய? குவியலில் கிடந்ததை எடுத்து நீட்டினால் அவள் அம்மாவே முதலில் சண்டைக்கு வருவார்.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "சரிங்க சம்மந்தி, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. கூறைச்சேலை எடுக்க வந்த இரண்டு வீட்டார் எடுக்காமல் எழுந்து போனால், அந்தப் பேச்சு கடைப்படியோடு நிற்காது. வேனில் ஏறும், ஊருக்குப் போகும், மண்டபம் வரைக்கும் வரும். அப்புறம் அந்தப் பெண் புகுந்த வீட்டில் வாழ்நாள் முழுக்க, ஒரு சேலையால் ஜவுளியை நிறுத்தியவள் என்ற பேரோடு இருக்கவேண்டும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். தூரத்திலிருந்து சூப்பர்வைசர், விலை கூடினதைக் காட்டு என்று எனக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மாத டார்கெட் கவலை.

"ஒரு நிமிசம் உக்காருங்க, இன்னொண்ணு கொண்டு வாரேன்" என்றேன்.

வேண்டாத சேலைகளையெல்லாம் சேர்த்து அள்ளினேன். அந்த மாந்தளிர்ச் சேலையையும் சேர்த்துத்தான். உள்ளே போய் அதை நன்றாக மடித்து, சிவப்புத்துணி போட்ட பெட்டியில் வைத்து, மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன். வரும்போது நடையை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். நீங்கள் இதைச் செய்து பார்க்காதீர்கள், சிரிப்பை அடக்கும் பழக்கம் வருவதற்குப் பல வருடம் ஆகும்.

பெட்டியைத் திறந்தேன். பெண்ணின் அம்மா ஜிப்பைத் திறந்து மறுபடி போனை எடுத்தார். "இத மொதல்லயே காட்டியிருக்கலாமல்லங்க?" என்றார். மாமியாரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. பெரிய மருமகளின் முகம் கறுத்தது. கல்யாணப்பெண் தன் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இந்தத் தடவை அழுகையை மறைப்பதற்காக இல்லை.

"இது என்ன வெலை..." என்று பெண்ணின் அம்மா ஆரம்பித்தார்.

நான் சிரித்துக்கொண்டே, "மாப்பிள்ளை ஊட்டுச் சீலைக்குப் பொண்ணூட்டுல வெலை கேக்கறதுங்களா?" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டார். நம் பக்கத்து வழக்கத்தில் இது ஒரு வசதி. வாங்கிக்கொள்கிற வீட்டார் விலை கேட்டால் ஆசைப்படுகிறார்கள் என்று ஆகிவிடும். கொடுக்கிற வீட்டார் அவர்கள் முன்னால் கேட்டால் கையை இழுத்துப் பிடிக்கிறார்கள் என்று ஆகிவிடும். இரண்டு பேரும் கேட்க முடியாது, சீட்டைத்தான் திருப்ப வேண்டும். சீட்டு என் உள்ளங்கைக்குள் இருந்தது.

மாமியார் பெரிய மருமகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் எழுந்து, "எம்மேல போட்டுக் காட்டுங்க, எல்லாரும் தூரத்துல இருந்து பாக்கட்டும்" என்று சொல்லி, கோடியில் இருந்த பெரிய கண்ணாடிக்கு நடந்தாள். விலையைப் பார்த்துவர அனுப்பப்பட்ட ஒற்றர் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் தேவை. விலை தெரியவேண்டியது அங்கே ஒரே ஒருத்திக்குத்தான். தன் சேலையைவிடக் குறைவு என்று கண்ணால் பார்த்துவிட்டால் அவளுக்கு வயிறு குளிர்ந்துவிடும், காரியம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முந்தானையை அவள் தோளில் போடும்போது, சீட்டைக் கை தவறியதுபோல் அவள் முன்னால் தொங்கவிட்டேன்.

பார்த்தாள். என் கணக்குப்படி அவள் முகம் மலரவேண்டும். மலரவில்லை.

"இவ்வளவுதானுங்களா?" என்றாள். சேலையின் கரையைக் கழுத்தோரம் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "எங்கூறைச்சீலைய ரெண்டு கல்யாணத்துக்குத்தானுங்க கட்டினேன். கழுத்துல குத்துது, இடுப்புல நிக்காது. இன்னைக்கு எதுக்குக் கட்டிட்டு வந்தேன்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க?"

"தெரியுமுங்க."

"எனக்கு எடுக்கறப்பவும் அல்லாரும் வெலையத்தான் பாத்தாங்க. என்னைக் கேட்டாங்க. நானும் நீங்க பாத்து எடுத்தாச் சரின்னு சொன்னேன்."

அவள்மேல் அதுவரை எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த நிமிடத்தில் எரிச்சல் போய்விட்டது. ஆனால் அவள் என்ன செய்யப்போகிறாள் என்ற பயம் போகவில்லை. விலையை அங்கேயே உரக்கச் சொன்னால் முடிந்தது கதை.

திரும்பி நடந்தாள். மாமியாரின் காதில் ஏதோ சொன்னாள். "வெலை சரியாத்தான் இருக்குதுங்க அத்தை" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "தங்கத்தாட்டம் இருக்குது. இதையே எடுத்துரலாமுங்க" என்றாள். நான் பெட்டியை மூடி, பில்லுக்குக் கீழே அனுப்பிவிட்டு, மூச்சு விட்டேன்.

மூச்சை அவ்வளவு சீக்கிரம் விட்டிருக்கக் கூடாது. மாப்பிள்ளையின் அப்பா மிக நேர்மையான மனிதர். நேர்மையான மனிதர்களால் நம் தொழிலுக்கு வரும் தொல்லைகள் உங்களுக்குப் போகப்போகத் தெரியும். அவர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, இரண்டு வீட்டாருக்கும் நடுவில் நின்றார்.

"ஏனம்மிணி, கீழ பில்லுல என்னமோ தப்பாயிருச்சாட்ட இருக்குது. கூறைச்சீலைக்கு ரொம்பக் கொறச்சுப் போட்டுட்டாங்க. நாளைக்கு உங்க சம்பளத்துல புடிச்சுருவாங்க, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

எனக்காகத்தான் படியேறி வந்திருக்கிறார். என் சம்பளத்துக்காக. கட்டிப்பிடித்து அழலாமா, வாயைப் பொத்தலாமா என்று இருந்தது. பெண்ணின் அம்மாவின் கை போனோடு அப்படியே நின்றது. மாமியார் பெரிய மருமகளைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணப்பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அது கழிவுங்க மாமா" என்றாள் பெரிய மருமகள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "கல்யாண ஜவுளிக்குக் கழிச்சுத் தாராங்க. கீழ போர்டுலயே எழுதியிருக்குதே, நீங்க பாக்கலீங்களா?"

"இத்தனையா கழிப்பாங்க?"

"வெலை கூடுனதுக்குக் கழிவும் கூடுதலுங்க மாமா."

கல்யாண ஜவுளிக்குக் கழிவு உண்டு என்று போர்டு இருந்தது உண்மை. அந்தக் கழிவு ஒரு கர்சீப் வாங்கப் போதும். விஷயம் தெரிந்த சூப்பர்வைசர் எங்கிருந்தோ வந்து வாயைத் திறந்தார். நான் மடித்த சேலைகளை ஆளுயரத்துக்கு அவர் கைகளில் ஏற்றிவிட்டேன். என்னை மறுபடி கேட்டிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன், அது என் பழக்கம். அதற்கப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க முடியாத அளவுக்கு நான் சேலை மடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"நல்ல கடையாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே மாமனார் இறங்கிப்போனார். பெண்ணின் அம்மா என் அருகில் வந்து, "பெரியவளோடதவிட ஒரு படி கூடத்தான், பாத்தாலே தெரியுதே" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். மாமியாருக்கோ, அதே விலைச் சேலையைக் கழிவில் எடுத்துவிட்ட பூரிப்பு.

கல்யாணப்பெண் மட்டும் அசையாமல் பெரியவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் கை வைத்திருந்தவளுக்கு அந்தச் சேலையின் விலை தெரியாமல் இருக்குமா? பொய் எது, யாருக்காகச் சொன்னது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, தண்ணி குடிக்கறீங்களா?" என்று தன் பாட்டிலை நீட்டினாள். காலையிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது.

பெரியவள் அப்படிச் செய்தது அன்பினாலா, தன் சேலையின் விலைதான் அந்த வீட்டில் உயர்ந்ததாக இருக்கட்டும் என்ற கணக்கினாலா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் கலந்துதான் இருக்கும். கலப்பே இல்லாத பட்டு என்று நாம் விற்பதிலும் கொஞ்சம் கலப்பு இருப்பதில்லையா? வாங்குகிறவர்கள் மனதில் போட்டி இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். அதற்குள்ளேயே நல்ல மனசும் எங்கேயாவது மடிந்து கிடக்கும். அதை விரித்துக் காட்ட ஒரு கண்ணாடியும், கூட்டத்திலிருந்து பத்தடி தூரமும் போதும்.

வேன் கிளம்பும் நேரத்தில் பெரிய மருமகள் மட்டும் குடையை விட்டுவிட்டேன் என்று மேலே ஓடிவந்தாள். அவள் குடை கொண்டுவரவே இல்லை.

"அதே நெசவுல வேற கலரு இருக்குதுங்களா? வெரசா எடுங்க."

மயில்கழுத்து நிறத்தில் ஒன்று இருந்தது. கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து பணத்தை எடுத்தாள். பையில் போட்டுக் கொடுக்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஊட்டுல வெலை கேட்டா என்னங்க சொல்லுவீங்க?" என்றேன்.

"சின்னவகிட்ட நெசத்தச் சொல்லிக்கறேன்" என்றாள். படியில் பாதி இறங்கியவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "மத்தவங்களுக்கு, ரெண்டு மடங்காச் சொல்லிக்கலாமுங்க."